நெல்வயலில் சிவப்புக் கிராஃபிஷ்: லூசியானா உழவர்களின் ஓராண்டு வேலை, படிப்படியாக

முன்பக்கம் நண்டுக்குரிய இரண்டு கொடுக்குகள், பின்பக்கம் இறாலுக்குரிய வால், உடலெங்கும் அடர்சிவப்பு ஓடு. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுக் கீழ்ப்படுகையிலும் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய சதுப்புகளிலும் இயல்பாக வாழும் இந்த உயிருக்கு அறிவியலார் வைத்த பெயர் புரோகம்பாரஸ் கிளார்க்கி. லூசியானா மாநிலத்தார் இதைக் 'கிராஃபிஷ்' என்பர். நன்னீரில் பிறந்து நன்னீரிலேயே சாகும் இது கடலில் வாழும் சிங்கி இறாலுக்குத் தூரத்து உறவு. இந்தியாவின் ஆறுகளில் கிராஃபிஷ் எதுவும் இயற்கையாக இல்லாததால், தமிழில் இதற்கென ஒரு பழைய பெயரும் இல்லை.

தென்மேற்கு லூசியானாவில் குரோலி, ரேன் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நெல் உழவர்கள், அறுவடை முடிந்த வயலிலேயே இதை வளர்த்து, குளிர்காலம் தொடங்கி அடுத்த கோடை வரை பிடித்து விற்கிறார்கள். அந்த ஓராண்டு வேலை எந்த வரிசையில், எந்தக் காரணத்துக்காக நடக்கிறது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. கிராஃபிஷ் பண்ணை என்று பெயர் இருந்தாலும், உழவர் தீனி வாங்கிக் கொட்டுவதில்லை; குஞ்சு பொரிப்பகமும் வைப்பதில்லை. தண்ணீரை எப்போது வடிப்பது, எப்போது நிரப்புவது, அறுவடைக்குப் பின் நிற்கும் நெல்தாளை எவ்வளவு விடுவது என்ற மூன்று முடிவுகளைச் சரியாக எடுத்தால், மீதியைக் கிராஃபிஷ் தானே பார்த்துக்கொள்ளும்.

முதலில் உயிரின் ஆண்டைப் புரிந்துகொள்ளுதல்

மிசிசிப்பியிலும் அதிலிருந்து பிரியும் அட்சஃபலாயாவிலும் வசந்த காலத்தில் வெள்ளம் ஏறிச் சதுப்புக் காடுகளில் பரவும்; கோடையில் வடியும். கிராஃபிஷின் வாழ்க்கை முழுவதும் இந்த ஏற்ற இறக்கத்தோடு பிணைந்தது. வெள்ளக் காலத்தில் தின்று, பலமுறை ஓடு கழற்றி வளர்ந்து, வசந்தத்தின் பிற்பகுதியில் இணை சேரும். பெண் கிராஃபிஷ் ஆணின் விந்தைத் தன் உடலின் அடிப்புறத்தில் உள்ள ஒரு சிறு பையில் மாதக்கணக்கில் சேமித்து வைக்கக்கூடியது. தண்ணீர் குறையத் தொடங்கியதும் அது கரையோரம் அரை மீட்டர் முதல் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம் வரை வளை தோண்டி இறங்கி, வாயைச் சேற்று உருண்டைகளால் அடைத்துக்கொள்கிறது. வளையின் மேல் புகைபோக்கி போல எழும் மண்கூம்பைப் பார்த்தே உள்ளே குடித்தனம் இருப்பதை உழவர்கள் அறிவர்.

கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் பெண் அந்த இருட்டுக்குள் முட்டையிடும். 200, 300 முட்டைகள் இடுவது வழக்கம். பெரிய தாய் 500-க்கு மேலும் இடும். முட்டைகள் பசைபோன்ற ஒரு திரவத்தால் வாலின் அடியிலுள்ள சிறு துடுப்புகளில் ஒட்டிக்கொள்ள, 23 செல்சியஸ் அளவு வெப்பம் இருந்தால் மூன்று வாரத்தில் பொரியும். குஞ்சுகள் இரண்டு முறை ஓடு கழற்றும் வரை தாயை விட்டுப் பிரிவதில்லை. பிறகு மழையோ வெள்ளமோ வந்து வளைவாயின் அடைப்பு இளகினால்தான் தாய் குஞ்சுகளோடு வெளியேற முடியும். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். இங்கே கொழுத்தாலும் இளைத்தாலும் தண்ணீர் வரும்வரை தங்கித்தான் ஆக வேண்டும்.

வளைக்குள் ஈரம் இருக்கும்வரை செவுள் மூச்சு விடும்; ஈரம் வற்றினால் தாயும் முட்டையும் சேர்ந்தே அழியும். 2023-ஆம் ஆண்டு கோடையில் லூசியானாவைத் தாக்கிய கடும் வறட்சியில் இதுவே நடந்தது. அடுத்த பருவத்தில் பிடிப்பு சரிந்து விலை ஏறியதால், 2024 மார்ச்சில் மாநில ஆளுநர் கிராஃபிஷ் தொழிலுக்காகப் பேரிடர் அறிவிப்பு வெளியிட்டார். பண்ணை என்பது இந்த வெள்ளச் சுழற்சியைப் பம்பும் மதகும் கொண்டு வயலில் நடத்திக் காட்டுவது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் ஒவ்வொரு படியின் காரணமும் விளங்கும்.

படி 1: நிலமும் வரப்பும்

தண்ணீரைப் பிடித்து வைக்கும் களிமண் நிலம் வேண்டும். நெல்லுக்கு ஏற்ற கனத்த மண் கிராஃபிஷுக்கும் ஏற்றது. மணல் மிகுந்த மண்ணில் தண்ணீரும் நிற்காது, வளையும் இடிந்து விழும். வயல் ஏறக்குறையச் சமதளமாக இருக்க வேண்டும்; மேட்டுப் பக்கத்துக்கும் பள்ளப் பக்கத்துக்கும் அரை அடிக்கு மேல் வேறுபாடு இருந்தால், ஒரு மூலையில் கிராஃபிஷ் பிடிக்கும் பொறி மூழ்கும், மறு மூலையில் படகு தரை தட்டும்.

நெல்லுக்குப் போடும் மெல்லிய வரப்பு இதற்குப் போதாது. வெளிக்கரை அடியில் 9 அடி அகலமும் 3 அடி உயரமும் இருக்க வேண்டும், ஏனென்றால் கிராஃபிஷ் வளை தோண்டும் இடமே அந்தக் கரைதான். கரை மெலிந்திருந்தால் வளை மறுபக்கம் துளைத்துத் தண்ணீர் கசியும். தண்ணீருக்கு அப்பகுதியினர் பெரும்பாலும் சிக்கோ நிலத்தடி நீர்ப்படுகையில் இறக்கிய ஆழ்குழாய்க் கிணறுகளையும், பக்கத்து ஓடைகளையும் நம்புகிறார்கள். ஓடைத் தண்ணீரை வலை வைத்து வடிகட்டாமல் விட்டால் கிராஃபிஷைத் தின்னும் மீன்களும் கூடவே வந்துவிடும்.

இந்த வழிகாட்டி லூசியானா நிலத்துக்கே உரியது. அங்கே பிறந்த உயிரை அங்கே வளர்ப்பதில் தீங்கில்லை. வேறு நாட்டு வயலில் விட்டால் கதை மாறும். 1974-இல் ஸ்பெயினின் குவாதல்கிவிர் ஆற்றுச் சதுப்பில் வளர்ப்புக்காக விடப்பட்ட இதே இனம் ஐபீரியத் தீபகற்பமெங்கும் பரவி, நெல்வயல் வரப்புகளைத் துளைத்ததோடு, ஐரோப்பாவின் சொந்தக் கிராஃபிஷ் இனங்களைக் கொல்லும் பூஞ்சை போன்ற நோய்க்கிருமி ஒன்றையும் சுமந்து சென்றது. அந்நோய் இதனைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட முதல் ஊடுருவல் இனப் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. வண்ணமீன் கடையில் கிராஃபிஷ் வாங்கித் தொட்டியில் வைத்திருக்கும் தமிழ்நாட்டு வாசகர்களும் அதை ஏரியிலோ வாய்க்காலிலோ விடலாகாது. காவிரிப் படுகையின் வரப்புகளுக்கு எலியும் நண்டும் தரும் தொல்லையே போதும்.

படி 2: நெல் நடுதல், பூச்சிமருந்தைத் தவிர்த்தல்

மார்ச் நடு முதல் ஏப்ரல் வரை நெல் விதைப்பு. தானியமும் வேண்டும், தாளும் வேண்டும் என்பதால், வழக்கமான முறையிலேயே நெல் பயிரிடலாம்.

கவனம் தேவைப்படுவது பூச்சிமருந்தில். கிராஃபிஷும் பூச்சியும் ஒரே பெருங்குடும்பமான கணுக்காலிகளைச் சேர்ந்தவை. பூச்சியைக் கொல்வது கிராஃபிஷையும் கொல்லும். 1999-இல் நெல் விதையில் பூசி விற்கப்பட்ட ஃபிப்ரோனில் மருந்து, நெல் வேரைத் தின்னும் நீர்க்கூன்வண்டுக்கு எதிராக வந்தது. அதைப் பயன்படுத்திய பகுதிகளில் கிராஃபிஷ் பிடிப்பு வீழ்ந்ததாகப் பண்ணையாளர்கள் தொடுத்த வழக்கு 2004-இல் 4.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பைரித்ராய்டு வகை மருந்துகளும் மிகச் சிறு அளவிலேயே கொல்லக்கூடியவை. பக்கத்து வயலில் விமானத்திலிருந்து தெளித்த மருந்து காற்றில் மிதந்து வந்தாலும் ஆபத்துதான். தமிழ்நாட்டு உழவர்களுக்கும் பழக்கமான குளோரான்ட்ரனிலிப்ரோல் விதை நேர்த்தியாகப் பயன்படுகிறது. கிராஃபிஷுக்கு அதன் நச்சுத்தன்மை குறைவு. தெளிப்பதற்கு முன் அண்டை நிலத்தாரிடம் பேசிவைப்பது இத்தொழிலின் ஒரு பகுதி.

படி 3: தாய்க் கிராஃபிஷ் விடுதல்

நெற்பயிர் ஒரு சாண் வளர்ந்து வயலில் நிலைத்த தண்ணீர் நின்ற பிறகு, ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை தாய்க் கிராஃபிஷை, அதாவது இனப்பெருக்கத்துக்கான முதிர்ந்த ஆண், பெண் கிராஃபிஷை, விட வேண்டும். ஏக்கருக்கு 20 முதல் 30 கிலோ வரை விடுவது வழக்கம். ஆண்டுதோறும் வயலை மாற்றிப் பயிரிடும் முறையில் இந்த விடுதல் ஒவ்வோர் ஆண்டும் தேவை. நிரந்தரக் குளமாக வைத்திருப்போருக்கு முதல் ஆண்டு மட்டும் விட்டால் போதும்.

வாங்கும்போது மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும். முதலாவது இனம். லூசியானாவில் வெண்ணிறக் கிராஃபிஷ் என்று இன்னோர் இனமும் கலந்து பிடிபடும். முதுகு ஓட்டின் இரு பாதிகளும் நடுவே ஒரே கோடாகச் சேர்ந்திருந்தால் அது சிவப்பு. இடையே சிறு இடைவெளி இருந்தால் வெள்ளை. சிவப்பினத்தின் வாலின் அடிப்பக்கத்தில் நீலம் கலந்த ஒரு கோடும் ஓடும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம், குஞ்சுப் பருவத்தில் இரண்டும் ஒரேபோலப் பழுப்பாகவே இருக்கும்.

இரண்டாவது பால். ஆணுக்கு வாலின் அடியில் முதல் இரண்டு இணைத் துடுப்புகள் கெட்டியாகி முன்னோக்கி மடிந்திருக்கும்; பெண்ணுக்கு அவை மென்மையானவை. ஆண் பருவமடைந்ததற்கு அடையாளம் நடக்கும் கால்களின் அடியில் முளைத்த சிறு கொக்கிகள். விடும் கூட்டத்தில் பாதியாவது பெண்ணாக இருக்க வேண்டும்.

மூன்றாவதே பலர் தவறவிடுவது: பிடித்த நேரம். வெயிலில் கிடந்த சாக்கில், செவுள் காய்ந்த நிலையில் வந்த தாய் உயிரோடு தெரிந்தாலும் இரண்டு நாளில் சாகும். பிடித்த அன்றே, நிழலில் ஈரச் சாக்கில் கொண்டுவந்து, காலையிலோ மாலையிலோ வயலெங்கும் பரவலாக விட வேண்டும். கிலோவுக்கு ஒரு டாலர் குறைவு என்று பழைய சரக்கை வாங்குவதைவிட வாங்காமலிருப்பது மேல்.

படி 4: நீர் வடித்தல், அறுவடை, தாள்

அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு வயலை வடிக்க வேண்டும். மதகை ஒரே நாளில் திறந்துவிடாமல் சில நாள்களாகச் சிறிது சிறிதாக வடித்தால், கிராஃபிஷ் வளை தோண்ட நேரம் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அறுவடை. அந்த வேளையில் வயலில் ஒரு கிராஃபிஷும் கண்ணுக்குத் தெரியாது.

அறுவடைக்குப் பின் வயலில் நிற்பதுதான் குளிர்காலம் முழுவதற்குமான தீனி. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கிராஃபிஷ் வைக்கோலை நேரடியாக மென்று கொழுப்பதில்லை. மக்கும் தாளின் மேல் படரும் நுண்ணுயிர்களையும், அவற்றை உண்டு பெருகும் நத்தை, புழு, பூச்சி முதலியவற்றையுமே அது தின்கிறது. எனவே தாள் மெல்ல மெல்ல, மே மாதம் வரை மக்கிக்கொண்டே இருப்பதுதான் வேண்டும். அறுவடை எந்திரம் நறுக்கிப் போட்ட உதிரி வைக்கோல் தண்ணீர் ஏறியதும் வேகமாக அழுகி, ஆக்சிஜனைக் குடித்துவிட்டு, வசந்தத்துக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. நின்ற தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புப் பயிர் பசுமையாகவே நீரில் நின்று, உறைபனியில் வாடிச் சாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக உணவாகும். ஆகவே அறுவடைக்குப் பின் வயலுக்கு ஒரு நனைப்பும் சிறிதளவு தழைச்சத்தும் கொடுத்து மறுதாம்பை வளர்ப்பதும், மிகையான உதிரி வைக்கோலைக் கட்டி அப்புறப்படுத்துவதும் நல்ல பழக்கம்.

படி 5: அக்டோபர் வெள்ளம்

ஆண்டின் மிக முக்கியமான முடிவு இதுதான். தண்ணீரை முன்கூட்டியே, செப்டம்பர் வெயிலில் நிரப்பினால், வெதுவெதுப்பான நீரில் தாள் விரைவாக அழுகி ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போதுதான் வளையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் கூட்டமாகச் சாகும். மிகவும் தாமதித்தால் குஞ்சுகள் வளைக்குள்ளேயே பட்டினி கிடக்கும். குளிருக்கு முன் வளரவேண்டிய வாரங்களும் வீணாகும். இரவுகள் குளிரத் தொடங்கும் அக்டோபர் தொடக்கம் முதல் நடுப்பகுதி வரை நிரப்புவது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி.

ஆழ்குழாய்த் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, இரும்பும் கரைந்திருக்கும். எனவே குழாய்வாயில் ஒரு கோபுரம் கட்டி, துளையிட்ட தகடுகளின் மீது தண்ணீரை அடுக்கடுக்காக விழச்செய்து காற்றோடு கலக்கவிட்டே வயலுக்குள் அனுப்புகிறார்கள். நிரப்பிய முதல் சில வாரங்கள் நாள்தோறும் விடியலில், ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்திருக்கும் அந்த நேரத்தில், வயலின் நாலாபக்கமும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 2-க்குக் கீழே இறங்கினால் வடிகால் மதகைத் திறந்து பழைய நீரை வெளியேற்றி, புதிய நீரைச் செலுத்தத் தாமதிக்கக் கூடாது. மீட்டர் இல்லாதவருக்குக் கிராஃபிஷே சொல்லிவிடும்: தாளின் மேல் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு பக்கச் செவுளைக் காற்றில் நீட்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் அதைக் கண்ணால் பார்க்கும்போது குஞ்சுகளின் நிலைமை ஏற்கெனவே கைமீறியிருக்கும் என்பதால், மீட்டருக்குச் செலவிடுவதில் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழ், ஏறத்தாழ ஒரு அடி ஆழம் நின்றால் போதும்.

படி 6: குளிர்காலத்தில் காத்திருத்தல்

நவம்பர், டிசம்பரில் கைவலையால் தாளுக்கிடையே அரித்துப் பார்த்துக் குஞ்சுகள் எவ்வளவு இருக்கின்றன என்று மதிப்பிடலாம். 10 செல்சியஸுக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். 21 முதல் 27 வரை மிக வேகம். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வயலில் இறங்கினால் குஞ்சு இருப்பதற்கு அதுவும் ஒரு சான்றுதான், வருத்தம் தரும் சான்று.

படி 7: பொறி, இரை, படகு

சந்தைக்கு ஏற்ற அளவு கிடைக்கத் தொடங்கியதும் பொறி வைக்கலாம். நல்ல பிடிப்பு பிப்ரவரிக்குப் பிறகு. பொறி பிரமிடு வடிவக் கம்பிவலைக் கூடு. முக்கால் அங்குலக் கண்களையுடைய, பிளாஸ்டிக் பூசிய வலை. அடியில் மூன்று புனல்வாய்கள் வழியே கிராஃபிஷ் உள்ளே போகும். கழுத்துப்பகுதி நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், சிக்கிய கிராஃபிஷ் மூச்சுக்கு மேலே ஏறி வரலாம். கழுத்தைச் சுற்றியுள்ள வழுக்கும் வளையம் வெளியே தாண்டிவிடாமல் தடுக்கும். சிறியவை வலைக்கண் வழியே தாமே வெளியேறி வளரும். ஏக்கருக்கு 10 முதல் 20 பொறிகள், படகு போகும் நேர்கோட்டில்.

இரை ஒவ்வொரு பொறிக்கும் சுமார் 150 கிராம். தண்ணீர் 20 செல்சியஸுக்குக் கீழே இருக்கும்வரை வெட்டிய மீன் துண்டுகளே நன்றாக இழுக்கும். வெப்பம் அதற்கு மேல் போனால் ஆலையில் செய்த உருளை இரை மேல். இடைப்பட்ட நாள்களில் இரண்டையும் கலந்து வைப்போரும் உண்டு. இரை, கூலி, எரிபொருள் மூன்றும் சேர்ந்தால் பண்ணையின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் ஆகிவிடும். எனவே நாள்தோறும் பொறி எடுப்பதைவிட, வாரத்தில் மூன்று, நான்கு நாள் எடுப்பதே கணக்குக்குச் சரிவரும்.

இதற்கென்றே அப்பகுதியில் உருவான படகு, பார்க்க வேண்டிய ஒன்று: தட்டையான அலுமினியப் படகு, ஹைட்ராலிக் விசையால் சுழலும் இரும்புச் சக்கரம் சேற்றைப் பற்றித் தள்ள, வரப்பையே ஏறித் தாண்டிப் போகும். ஓட்டுபவர் காலால் திசைதிருப்பிக்கொண்டு, கைகளால் ஒரு பொறியைத் தூக்கி, தட்டில் கொட்டி, இரை போட்டு, அடுத்த பொறி வருவதற்குள் இறக்கிவிடுவார். படகு நிற்பதே இல்லை.

மார்ச், ஏப்ரலில் பிடிபடுபவை எல்லாம் சிறியனவாகவும், ஆனால் முதிர்ந்து கொடுக்குப் பெருத்தவையாகவும் இருந்தால், வயலில் கூட்டம் மிகுந்து தீனி தீர்ந்துவிட்டது என்று பொருள். இதற்கு நல்ல மருந்து கிடையாது. தீவிரமாகப் பிடித்துக் குறைப்பதும், அடுத்த ஆண்டு தாளைக் கூட்டுவதுமே வழி. நன்கு நடக்கும் வயலில் பருவம் முழுவதும் ஏக்கருக்கு 200 முதல் 400 கிலோ வரை எதிர்பார்க்கலாம்.

பொறியில் சோர்ந்து கிடக்கும் அல்லது செத்த கிராஃபிஷ் திடீரென மிகுந்தால் வெண்புள்ளி வைரஸையும் நினைக்க வேண்டும். நம் இறால் பண்ணைகளை வாட்டிய அதே நோய் 2007-இல் லூசியானாவிலும் உறுதிசெய்யப்பட்டது. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதும், அந்த வயலின் கிராஃபிஷைத் தாயாக வேறு வயலுக்கு விடாமலிருப்பதும் உடனடித் தேவை.

படி 8: சாக்கிலிருந்து சட்டிவரை

பிடித்தவற்றைக் கழுவி, இறந்தவற்றை நீக்கி, அளவுப்படி பிரித்து, வெங்காயச் சாக்கு போன்ற வலைச்சாக்கில் 16 முதல் 18 கிலோ வரை அடைக்க வேண்டும். ஈரமாக, குளிர்ந்த அறையில், தண்ணீரில் மூழ்கவிடாமல் வைத்தால் சில நாள் உயிரோடிருக்கும். விலை உச்சத்தில் இருப்பது பருவத் தொடக்கத்திலும் தவக்காலத்திலும். பெரிய வெள்ளியை ஒட்டிய சுத்தபோசன நாள்களில் இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்கர் மிகுந்த பகுதி அது. மே மாதத்தில் எல்லா வயலிலிருந்தும் ஒரே நேரத்தில் சரக்கு குவிந்து விலை சரியும்.

சமைக்கும் முன் உப்புத் தண்ணீரில் போட்டால் குடல் சுத்தமாகும் என்ற நம்பிக்கை அங்கே பரவலாக உண்டு. அதனால் பயன் இல்லை. குடல் காலியாக வேண்டுமென்றால் தீனியின்றிச் சுத்தமான ஓடும் நீரில் ஒரு நாளாவது வைத்திருக்க வேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் சேர்த்த கொதிநீரில் உருளைக்கிழங்கும் சோளமும் கூடப் போட்டு வேகவைத்து, அடுப்பை அணைத்த பிறகும் சிறிது நேரம் ஊறவிட்டு, செய்தித்தாள் விரித்த மேசையில் கொட்டிக் கையால் உரித்துத் தின்பது ஊர்வழக்கம். உயிருள்ள எடையில் வால்சதை ஏறத்தாழ 15 விழுக்காடுதான் கிடைக்கும் என்பதால், விருந்துக்கு ஆளுக்கு ஒன்றரைக் கிலோவாவது வாங்க வேண்டும்.

படி 9: வடிப்பும் அடுத்த வயலும்

அதே வயலில் மீண்டும் நெல் என்றால் ஏப்ரலுக்குள் பிடிப்பை முடித்து வடிக்க வேண்டும். பிடிப்பின் உச்சத்தையே விட்டுக்கொடுக்கும் முடிவு அது. அடுத்து சோயாவோ தரிசோ என்றால் ஜூன் வரை பிடிக்கலாம். கடைசி வாரங்களில் கிடைக்கும் முதிர்ந்த பெண்களே அடுத்த வயலின் தாய்கள். அங்கே அந்நேரம் நெற்பயிர் ஒரு சாண் எழுந்து நிற்கும். நிரந்தரக் குளம் வைத்திருப்போர் மே, ஜூனில் இரண்டு மூன்று வாரமாக மெல்ல வடித்து, கரையெங்கும் மண்கூம்புகள் எழுகின்றனவா என்று நடந்து பார்ப்பார்கள். கூம்புகள் தெரிந்த கரையில் அக்டோபர் வரை உழுகலப்பையும் மண்வெட்டியும் படக் கூடாது.